சின்னத் தோட்டத்தில் மாதிரி ரயில்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டுக்கு வெளியே, மண்ணில், வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மாதிரி ரயில் பாதையைப் பற்றிய கேள்விகள் இவை. புதிதாகப் போடுபவர்களுக்கும், ஏற்கெனவே போட்ட பாதை அமுங்கியோ கோணியோ போய்த் திருத்த நினைப்பவர்களுக்கும் சேர்த்தே பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பத்தடிக்குப் பதினாறடிதான். போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால் எந்த வளைவை எடுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம். இரு தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. உள்ள பாதையில் கடைகளில் அதிகம் கிடைக்கும் சிறிய வளைவு ஆர்1. இதன் ஆரம் 60 செ.மீ.; 12 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். ஓரங்களுக்கு இடம் விட்டு ஐந்தடி அகலத்தில் அடங்கிவிடும். அடங்குகிறதே என்று இதை வாங்குவதுதான் முதல் கோளாறு. நீளமான பெட்டிகள் ஆர்1-இல் மூலை வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாகத் திரும்பும், கொக்கி கழன்றுகொள்ளும், சக்கர விளிம்பு தண்டவாளத்தை அரைக்கும்.

உங்கள் அளவுக்கு ஆர்3 வளைவு கச்சிதம். ஆரம் 117.5 செ.மீ.; 16 துண்டுக்கு ஒரு வட்டம். இரு பக்கமும் 15 செ.மீ. விட்டால் அகலம் 2.65 மீட்டர், ஏறக்குறைய எட்டே முக்கால் அடி. இரு நீளப் பக்கத்திலும் 1.8 மீட்டர் நேர்ப்பாதை வைத்தால் மொத்த நீளம் 4.45 மீட்டர். சுற்று 11 மீட்டர் வரும். நேர்ப்பாதையை 60 செ.மீ. துண்டுகளாக வாங்குங்கள், ஆறு போதும். 30 செ.மீ. துண்டுகள் விலை குறைவாகத் தெரியும், ஆனால் இணைப்புகள் கூடும். வெளியே போடும் பாதையில் கோளாறு வருவது இணைப்பில்தான்.

வீட்டைச் சுற்றி மூன்றடிச் சந்துதான் இருக்கிறது. வட்டமே போட முடியாதே?

வட்டம் வேண்டாம். ஒரு முனையில் கிளம்பி மறு முனைக்குப் போய்த் திரும்பி வரும் பாதை போடுங்கள். இரு கோடியிலும் ஒரு நிலையம், நடுவில் இரு வண்டிகள் விலகிப் போக ஒரு கடவுப்பாதை. வண்டி தானாக நின்று, சில நொடி காத்து, எதிர்த்திசையில் கிளம்பும் சிறு மின்சுற்று கிடைக்கிறது. சேலத்து மனைகளுக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது. சுற்றிச் சுற்றி ஓடும் ரயிலைப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். எஞ்சினை மறுபக்கம் கொண்டுபோய் மாட்டி வண்டியைக் கிளப்பும் வேலை இருந்தால் சாயங்காலம் முழுக்க உட்காருவார்கள்.

45 மி.மீ. தானா? வீட்டுக்குள் வைக்கும் சின்ன ரயிலை வெளியே போடக் கூடாதா?

16.5 மி.மீ. பாதையில் ஓடும் 1:87 அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ரயில் வெளியே தாங்காது. ஒரு வேப்பிலைக் காம்பு கிடந்தால் தடம் புரளும், ஒரு மழையில் மண் துகள், பாதை பிரியும் பாயிண்டை அடைத்துவிடும். 32 மி.மீ. பாதை வெளியே நன்றாக ஓடும். இரண்டடி அகலக் குறும்பாதை வண்டிகளை 1:19 அளவில் செய்பவர்களுக்கு அது. மற்றவர்களுக்கு 45 மி.மீ. தான். 1968-இல் ஜெர்மனியின் எல்ஜிபி தோட்ட ரயிலுக்கு எடுத்துக்கொண்ட அளவு இது. உதிரிகள் அதிகம் கிடைப்பதும் இதற்கே.

எந்த ரயிலை மாதிரியாக எடுப்பது?

மீட்டர் கேஜ். 1,000 மி.மீ. பாதையை 1:22.5 ஆகச் சுருக்கினால் 44.4 மி.மீ., அதாவது உங்கள் 45 மி.மீ. தண்டவாளம். நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்; சேலம்–விருத்தாசலம் பாதையும் அகலப்பாதை ஆகும்வரை மீட்டர் கேஜ்தான். இன்றைய அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை 45 மி.மீ. மேல் சரியான விகிதத்தில் ஓட்ட வேண்டுமென்றால் 1:37 ஆக்க வேண்டும், அந்த அளவில் கடையில் எதுவும் கிடைக்காது, எல்லாம் கையால் செய்ய வேண்டும்.

மீட்டர் கேஜிலும் ஒரு சிக்கல் உண்டு. 20 மீட்டர் நீளப் பயணிகள் பெட்டி 1:22.5-இல் ஏறக்குறைய 90 செ.மீ. வரும். ஆர்3 வளைவில் அது அழகாக இருக்காது. மலை ரயிலின் குட்டைப் பெட்டிகள், நாலு சக்கரச் சரக்கு வண்டிகள் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்காட்டுக்கு நிஜத்தில் ரயில் கிடையாது. சேலம் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேலும் இருப்பதால், 25-க்கு 1 ஏற்றத்தில் போட்டாலே முப்பது கி.மீ. பாதை தேவைப்பட்டிருக்கும். போடாத அந்தப் பாதையைத் தோட்டத்தில் போட்டுப் பார்க்கலாம். நிலையங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமையாவது உங்களுக்கு இருக்கும்.

வேகத்தையும் விகிதத்தில் பாருங்கள். மணிக்கு 30 கி.மீ. என்பது 1:22.5-இல் நொடிக்கு 37 செ.மீ.; 11 மீட்டர் சுற்றை முடிக்க அரை நிமிடம் ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் பத்து நொடியில் சுற்றிவிட்டு ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று யோசிக்கிறார்கள்.

அடித்தளம் எப்படிப் போடுவது?

சேலத்துச் செம்மண் வீட்டு மனைக்கு, நீங்களே செய்யக்கூடியதும் பின்னால் மாற்றக்கூடியதும் ஜல்லிப் படுகைதான்.

பாதை போகும் கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் வரைந்துகொள்ளுங்கள். தண்டவாளத் துண்டுகளை வெறும் தரையில் முழுதாகக் கோத்துப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழத்தில் பள்ளம் எடுங்கள். அடியைத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள். தோண்டிய மண் இளகியிருந்தால் தண்ணீர் தெளித்து ஒரு நாள் விட்டு மறுபடி இடியுங்கள். மேலே தண்ணீர் இறங்கும் வகைக் களைத்துணி விரித்து, பக்கச் சுவர்களிலும் ஏற்றி விடுங்கள். மிளகாய்க்கும் தர்பூசணிக்கும் போடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் வேண்டாம். தண்ணீர் இறங்காமல் பள்ளம் தொட்டியாகிவிடும்.

நிரப்ப வேண்டியது கிரஷரில் உடைத்த 6 மி.மீ. சிப்ஸ். மேலே சொன்ன 11 மீட்டர் சுற்றுக்குக் கால் கன மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 9 முதல் 10 கன அடி. எடை 400 கிலோவைத் தொடும். சிமெண்ட் சாக்கில் 40 கிலோவாகக் கட்டினால் பத்து சாக்கு. யூனிட் கணக்கில் லாரி கூப்பிட வேண்டியதில்லை, ஒரு குட்டியானை வண்டி போதும். பாதி உயரம் போட்டு இடித்து, மீதியைப் போட்டுத் திரும்ப இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் முதல் கோடை மழையிலேயே அலை அலையாக இறங்கும்.

அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல் போடுபவர்கள் உண்டு. உருண்டைக் கல் ஒன்றோடொன்று கவ்வாது, தண்டவாளம் வழுக்கிக்கொண்டே இருக்கும். உடைகல்லின் கூர்முனைதான் பிடி கொடுக்கிறது. நேர்மாறாக வெறும் கிரஷர் தூசு போட்டால் தண்ணீர் தேங்கி இறுகும்; பிறகு சரிசெய்யக் கொத்த வேண்டியிருக்கும். சிப்ஸோடு ஐந்தில் ஒரு பங்கு தூசு கலந்தால் சரியாக அமர்கிறது.

தண்டவாளத்தை மேலே வைத்து, ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் சிப்ஸ் தூவி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் சிறு ஏற்ற இறக்கம் பரவாயில்லை. குறுக்கு மட்டம் தவறக் கூடாது. நீள மட்டத்துக்குக் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் மட்டமே போதும், இந்த வேலைக்கு அதைவிட நம்பகமான கருவி தேவையில்லை.

ஒரேயடியாக கான்கிரீட் போட்டுவிட்டால் என்ன?

போடலாம், பாதையை இனி மாற்றவே மாட்டேன் என்றால். தோட்ட ரயில்காரர்களில் அப்படி யாரும் இல்லை. ஜல்லிப் படுகையில் ஒரு வளைவை நகர்த்த ஒரு காலை நேரம். கான்கிரீட்டில் சுத்தியலும் உளியும். கான்கிரீட்டில் தண்டவாளத்தை இறுக்கி ஸ்குரூ போட்டால் வெயிலில் நீள இடமில்லாமல் ஸ்லீப்பரின் பிடிக் கொக்கிகள் உடையும். போட்டே தீர வேண்டுமென்றால் ஸ்குரூ ஓட்டையை நீள்வட்டமாக்கி, தலையை அரைச் சுற்றுத் தளர்த்தி விடுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. 16 அங்குலம், 8 அங்குலம், 4 அங்குல சாலிட் பிளாக்கைப் படுக்க வைத்து வரிசையாகப் பதித்து, மேலே ஒரு அங்குலம் சிப்ஸ் போடுவது. 11 மீட்டருக்கு 28 பிளாக். வளைவில் பிளாக்குகளுக்கு இடையே ஆப்பு வடிவில் விடும் இடைவெளி தண்ணீர் வடியவும் உதவும். பெருச்சாளித் தொல்லை உள்ள வீடுகளில் இதுதான் நிற்கிறது.

ஏற்காட்டில் எங்கள் இடம் சரிவு. சமதளத்துக்குச் சொல்வதெல்லாம் பொருந்துமா?

பள்ளம் எடுப்பது பொருந்தாது. சரிவில் எடுத்த பள்ளம் மழைக்கு வாய்க்கால்தான். மேல்பக்கத்துத் தண்ணீர் முழுக்க உங்கள் ஜல்லியைத் தேடி வரும். முதலில், பாதைக்கு மேல்பக்கம் ஒரு அடி தள்ளி, 15 செ.மீ. ஆழத்தில் மறிப்பு வாய்க்கால் வெட்டி ஓரமாக இறக்கி விடுங்கள். பாதைக்கு அடியில் இரண்டு மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. பிவிசி குழாயைக் குறுக்கே, கீழ்ப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பதியுங்கள். வாயில் கம்பி வலை வேண்டும். சில்வர் ஓக் சருகு ஒரே மழையில் குழாயை அடைத்துவிடும்.

மேல்பக்கப் பாதி தரையோடு போகட்டும், கீழ்ப்பக்கப் பாதி தூண்களில் நிற்கட்டும். சரிவின் நன்மையே இதுதான். இரண்டடிக்கு ஒரு தூண், மேலே 20 செ.மீ. அகலத்தில் அறுத்த கடப்பாக்கல் பட்டை, அதன் மேல் தண்டவாளம். தூணுக்கு அடித்தளம் கெட்டி மண் வரை, குறைந்தது ஒன்றரை அடி இறங்க வேண்டும். காப்பித் தோட்டத்து மேல்மண் மக்கு நிறைந்தது. அதில் நிறுத்திய தூண் ஒரு மழைக்காலத்தில் சாயும். இடுப்பு உயரத்தில் பாதை வந்தால் குனியாமல் வேலை செய்யலாம், வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பித்தளையா, ஸ்டெயின்லஸ் ஸ்டீலா, அலுமினியமா?

தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் பித்தளை. வெளியே பச்சைப் படலம் பிடித்தாலும் தேய்த்தால் கடத்தும், இணைப்பில் சாலிடர் வைக்கலாம். ஸ்டெயின்லஸ் ஸ்டீலைத் தேய்க்கவே தேவையில்லை, ஆனால் கடத்தும் திறன் குறைவு, சாலிடர் எளிதில் ஒட்டாது, விலையும் கூடுதல். அலுமினியம் மலிவு, மிருது, மிதித்தால் வளையும்.

பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, உள்ளூர் வழி. 12 மி.மீ. உயரம், 3 மி.மீ. கனமுள்ள ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ஃபிளாட் பட்டையை நிறுத்தி வைத்துத் தண்டவாளமாக்குவது. மல்டிவுட் என்ற பிவிசி பலகையை 1.5 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளத்தில் அறுத்து, 3 மி.மீ. அகலம் 4 மி.மீ. ஆழத்தில் இரண்டு காடி போட்டுப் பட்டையை அமுக்க வேண்டும். காடிகளின் உள்விளிம்புகளுக்கு இடையே சரியாக 45 மி.மீ. இருக்கட்டும். ஒரு மாதிரிக் கட்டை செய்து, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை அறுங்கள். ஒவ்வொன்றையும் அளந்து அறுத்தால் அரை மி.மீ. அங்குமிங்கும் ஓடும். உருக்காலை ஊரில் பட்டை கிடைப்பது கஷ்டமில்லை. பிசிறு எடுக்க ஊசி அரம் வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

மரக் கட்டை ஸ்லீப்பர் போடாதீர்கள். கரையான் தேக்கைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கும், மற்றதை விடாது.

சேலத்து வெயிலில் தண்டவாளம் நீண்டு கோணிவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விடியற்காலை 20 டிகிரியிலிருந்து மதிய வெயிலில் 65 டிகிரி வரை ஏறும் பித்தளை, ஒரு மீட்டருக்கு 0.85 மி.மீ. நீளும். 11 மீட்டருக்கு ஒன்பது மி.மீ. தாண்டும். கேட்க பயமாக இருக்கிறது. ஆனால் ஜல்லியில் கட்டாமல் மிதக்கும் மூடிய சுற்று எல்லாப் பக்கமும் சேர்ந்து விரியும். ஆர்3 வளைவின் ஆரம் ஒரே ஒரு மி.மீ. கூடும், அவ்வளவுதான். கோணுவது எப்போது? இரு முனையும் எதிலாவது முட்டி நிற்கும் நீண்ட நேர்ப்பாதையில், அல்லது பாலத்தில் ஆணியடித்து இறுக்கிய இடத்தில். அப்படிப்பட்ட பாதைக்கு ஒரு முனையை மட்டும் கட்டி, மறு முனையை விட்டுவிடுங்கள். போடும் வேலையைக் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் செய்தால் இணைப்புக்கு அரை மி.மீ. இடைவெளி போதும். உச்சி வெயிலில் போட்டால் இடைவெளி விடக் கூடாது, ராத்திரியில் அதுவே விரிந்துகொள்ளும்.

தண்டவாளத்தில் கரண்ட் கொடுப்பதா, பேட்டரியா?

இந்த ஊர்த் தோட்டங்களுக்குப் பேட்டரி என்பதே எங்கள் பரிந்துரை. தண்டவாள மின்சாரத்துக்கு எதிராகப் பெரிதாக ஒன்றுமில்லை, தினமும் தேய்க்கப் பொறுமை இருந்தால் சரி. தூசி, வேப்பிலைச் சாறு, காலைப் பனி எல்லாம் சேர்ந்து பாதையில் படலம் போடும். வண்டி ஓட்டும் ஒவ்வொரு முறையும் பாதையைத் துடைக்க வேண்டும். 44 இணைப்புகளில் எது கடத்தவில்லை என்று தேட வேண்டும்.

பேட்டரிக்குத் தேவை: 18650 லித்தியம் செல் நான்கு, வரிசையில் இணைத்து, பாதுகாப்பு போர்டு, 3 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு சுவிட்ச், பிரஷ் மோட்டாருக்கான ஸ்பீட் கன்ட்ரோலர், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், ரிசீவர். நான்கு செல் 14.8 வோல்ட், முழுச் சார்ஜில் 16.8. 24 வோல்ட் வரை தாங்கும்படி செய்த எஞ்சினுக்கு இது தோட்ட வேகத்துக்குத் தாராளம். 3,000 மில்லி ஆம்பியர் செல்லில், ஒரு ஆம்பியர் இழுக்கும் எஞ்சின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எஞ்சின் சின்னதென்றால் பின்னாலுள்ள பெட்டியில் பேட்டரியை வைத்து ஒரு பிளக் மூலம் இணையுங்கள்.

இதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, டிரோன் கடையில் பிரஷ் இல்லாத மோட்டாரின் கன்ட்ரோலரை வாங்கி வந்து ஏன் ஓடவில்லை என்று திகைப்பது. மற்றொன்று, சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் பழைய வயரைத் துண்டிக்காமல் விடுவது. அப்படி விட்டால் பேட்டரி மின்சாரம் தண்டவாளத்துக்கு இறங்கும். பாயிண்டில் ஏறியதும் ஷார்ட் ஆகும். வயரைத் துண்டித்த பிறகு சக்கரத்துக்கும் மோட்டார் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துத் தொடர்பில்லை என்று உறுதிசெய்த பின்னரே பேட்டரி மாட்டுங்கள்.

ஏப்ரல், மே மதியத்தில் எஞ்சினை வெளியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லைச் சார்ஜ் போடக் கூடாது. நிழலில் ஆற விடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

தண்டவாள மின்சாரமே வேண்டும் என்பவர்களுக்கு: 230 வோல்ட் அடாப்டர் வீட்டுக்குள்ளேயே, மின்கசிவில் தானே அணையும் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் இருக்க வேண்டும். வெளியே வருவது 24 வோல்ட் டிசி மட்டும். சுற்றின் எதிரெதிர் இரண்டு இடங்களில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயரால் ஊட்டுங்கள். வெறும் தகட்டு ஜாயினரை நம்பாமல் ஸ்குரூ கிளாம்ப் போட்டு, உள்ளே கிராஃபைட் பசை தடவுங்கள். இடி மின்னல் வரும் சாயங்காலங்களில் பிளக்கைப் பிடுங்கி விடுவது நல்லது.

பாதை மேலே ஏறி, கீழே போகும் பாதையைத் தாண்டுவது போல வைக்கலாமா?

11 மீட்டர் சுற்றில் முடியாது. கீழே வண்டி போக, பாலத் தளம் சேர்த்து 22 செ.மீ. உயரம் வேண்டும். சதவீதம் மூன்றுக்கு மேல் ஏற்றம் வைத்தால் சக்கரம் வழுக்கும், வளைவில் இன்னும் மோசம். மூன்று சதவீதத்தில் 22 செ.மீ. ஏற ஏழு மீட்டருக்கு மேல், இறங்க இன்னொரு ஏழு. நீலகிரியில் 12-க்கு 1 ஏறுவது பல்சக்கரத்தால். தோட்ட அளவிலும் பல்தண்டவாளம் உண்டு, ஆனால் அந்த வகை எஞ்சின்தான் ஓடும். பாதையை மட்டமாக விட்டு மண்ணை ஏற்றி இறக்குங்கள். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சின்னப் பள்ளம், மேலே ஒரு பாலம் வைத்தால் வண்டி மலை ஏறுவதாகவே கண் நம்பும்.

பாயிண்ட் எத்தனை?

இரண்டு. கடவுப்பாதைக்கு அவ்வளவு போதும். மூன்றாவது பாயிண்ட் ஒரு சரக்கு முற்றத்துக்கு, ஆசை இருந்தால். அதற்கு மேல் போனால் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பாயிண்டின் அசையும் நாக்குத் தண்டவாளத்தில் சிக்கிய சிப்ஸைக் குச்சியால் எடுப்பதில் போய்விடும். மின் மோட்டார் வேண்டாம். கையால் தள்ளும் ஸ்பிரிங் வகை வெளியே நீடிக்கும்.

என்ன செடி வைப்பது?

இலை சின்னதாக இருக்க வேண்டும், வேர் அடங்கியிருக்க வேண்டும். சேலத்தில் தரை மூடப் பொடுதலை, பத்துமணிப்பூ. மரமாகத் தெரிய ஜேட் செடி, அடிக்கடி கத்தரித்த டுராண்டா. நிழல் விழும் இடத்தில் வல்லாரை படரும். ஏற்காட்டில் பாசி தானாகவே வரும். பாறையிடுக்கில் பெரணி வகையும் பிடிக்கும், நீங்கள் செய்ய வேண்டியது பிடுங்காமல் இருப்பது. அரசு, ஆல், ஃபைகஸ் போன்சாய் எதையும் தொட்டியிலிருந்து இறக்கி மண்ணில் நடாதீர்கள். வேர் பிளாக்கையே தூக்கும்.

வேப்பமரத்தடியில் பாதை போட்டவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விளக்குமாறோடுதான் வாழ வேண்டும்.

கோரையும் அருகும் துணியைக் குத்திக்கொண்டு வருகிறதே?

வரும். கோரைக் கிழங்கின் முளை களைத்துணியைத் துளைக்கும். துணி விரிக்கும் முன் பள்ளத்து மண்ணில் கிழங்குகளைப் பொறுக்கி எடுப்பதைத் தவிர உருப்படியான வழி கிடையாது. தண்ணீர் விட்டு இரண்டு வாரம் முளைக்க விட்டு, வந்ததைக் கிழங்கோடு எடுத்து, பிறகு இடித்தால் பாதிக்கு மேல் குறையும். அருகம்புல் பக்கத்திலிருந்து ஓடி வருவது. பள்ளத்தின் ஓரத்தில் செங்கலை நிறுத்தி நட்டால் தடுக்கலாம். உப்பு கொட்டாதீர்கள், பித்தளையை அரிக்கும்.

குரங்கு, காட்டுமாடு, பாம்பு?

ஏற்காட்டில் குரங்கு பளபளக்கும் எதையும் கழற்றும். விளக்குக் கம்பம், மனிதப் பொம்மை, சிக்னல் எல்லாவற்றையும் கையில் எடுத்து உள்ளே கொண்டுபோகும்படி செய்யுங்கள். அடியில் ஒரு ஆணி, தரையில் ஒரு குழாய்த் துண்டு. காட்டுமாடு வந்து போகும் எல்லையோர வீடுகளில் உயரத் தூண் பாதை வேண்டாம். ஜல்லிப் பாதையை மிதித்தால் திருத்திக்கொள்ளலாம், தூண் சாய்ந்தால் மீண்டும் அடித்தளம்தான்.

சுரங்கம் கை நீளத்துக்கு மேல் வேண்டாம், மேல்பக்கம் மூடி போலத் திறக்க வேண்டும். உள்ளே வண்டி நின்றால் கையை விட்டு எடுக்காதீர்கள். குளிர்ச்சியான இருட்டுக் குழாயில் தேளும் பாம்பும் தங்கும். டார்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் தட்டி, பிறகு மூடியைத் திறங்கள்.

3டி பிரிண்டில் கட்டடம் செய்யலாமா?

பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரியை ஒட்டி இளகும். சேலத்து மே மாதத்தில் நிலையக் கூரை தொங்கிவிடும். ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் வெயிலுக்கும் சூட்டுக்கும் நிற்கும். பிஇடிஜி நிழலில் தாங்கும். எதுவானாலும் கறுப்பு நிறம் அடிக்காதீர்கள்.

ஒரே இடத்தில் தடம் புரள்கிறது. எங்கே தேடுவது?

முதலில் தண்டவாளமா, வண்டியா என்று பிரியுங்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் தண்டவாளம். ஒரே வண்டி பல இடத்தில் விழுந்தால் வண்டி. எந்தச் சக்கரம், எந்தத் திசையில் போகும்போது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் பெரும்பாலும் முறுக்குதான் காரணம்: ஒரு இடத்தில் இடது தண்டவாளம் சற்று இறங்கி, அரை மீட்டர் தள்ளி வலது இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சின்ன ரசமட்டத்தை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கே வைத்தால் குமிழிகள் எதிரெதிர்ப் பக்கம் போய்க் காட்டிக்கொடுக்கும். அடுத்தது, இணைப்பில் ஒரு முனை மேலே நிற்பது. விரலை ஓட்டினால் நகத்தில் தட்டும். அடுத்தது, இடது வளைவும் வலது வளைவும் இடைவெளியின்றி நேரடியாகச் சேர்ந்த இடம். நடுவில் உங்கள் மிக நீளமான பெட்டியின் அளவுக்காவது நேர்ப்பாதை வேண்டும்.

வண்டியில் என்றால் ஒரு அச்சின் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 38 என்றால் பாயிண்டில் நிச்சயம் ஏறும். பிளாஸ்டிக் சக்கரத்தை உலோகச் சக்கரமாக மாற்றினால் எடை அடியில் சேர்ந்து பாதித் தொல்லை போகும். பாதையில் அழுக்குப் படிவதும் குறையும்.

பழைய பாதை அமுங்கிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டுமா?

அவசியமில்லை. பிரிப்பதற்கு முன் ஒரு நல்ல மழையைக் குடை பிடித்துக்கொண்டு பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே பாதையைத் தாண்டி ஓடுகிறது என்று குச்சி நட்டுக் குறியுங்கள். அமுங்கல் அந்த இடங்களில்தான் இருக்கும். வடிகால் சரிசெய்யாமல் மேலே ஜல்லி மட்டும் போட்டால் அடுத்த வருடமும் அதே வேலை.

பிறகு டியூப் மட்டத்தால் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளியில் உயரம் எடுத்து எழுதுங்கள். இரண்டு செ.மீ.க்குள் இறங்கிய இடங்களைக் கழற்றாமலே தூக்கலாம்: ஸ்லீப்பருக்கு அடியில் தட்டையான கட்டையைக் கொடுத்து உயர்த்தி, பக்கத்திலிருந்து சிப்ஸைத் தள்ளி, தட்டைக் குச்சியால் இரு பக்கமும் குத்தி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் குத்தினால் முறுக்கு வரும். அதற்கும் கீழே போன இடத்தில் தண்டவாளத்தை எடுத்து, மண்ணோடு கலந்த பழைய ஜல்லியை அள்ளிச் சல்லடையில் சலித்து, துணியைப் புதிதாக விரித்துப் போட வேண்டும். பழைய சிப்ஸில் பெரும்பகுதி திரும்ப உபயோகப்படும். கழுவித் தூசு போக்கினால் போதும்.

கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் ஒரே எண்ணைப் பெயிண்டில் எழுதுங்கள். வெயிலில் வருடக்கணக்கில் அமர்ந்த துண்டுகள் தமக்குள் பழகியிருக்கும், இடம் மாற்றினால் இணைப்பு படியாது. வெளுத்து நொறுங்கும் ஸ்லீப்பர்களை மட்டும் மாற்றுங்கள், தண்டவாளத்தை அல்ல. பித்தளை பல வருடம் கிடந்தாலும் கெடாது.

இந்தச் சமயத்தில்தான் ஆர்1 வளைவை ஆர்3 ஆக்குவது, தண்டவாள மின்சாரத்தைப் பேட்டரியாக்குவது போன்ற பெரிய மாற்றங்களைச் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் வளைவை மாற்றுங்கள். கழற்றிய ஆர்1 துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், சரக்கு முற்றத்தின் ஓரத்துக்கு ஆகும்.

நிஜ நீராவி எஞ்சின் ஓட்டலாமா?

ஓட்டலாம், பாதை முழுக்க மட்டமாக இருந்தால். வேகக் கட்டுப்பாடு இல்லாத சிறு எஞ்சின்கள் சின்ன இறக்கத்திலும் பறக்கும். ஆர்1 வளைவில் கவிழும். கொதிகலனுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சேலத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பு படியும், அதை எடுக்க முடியாது. கோடையில் காய்ந்த புல் பக்கத்தில் கேஸ் நிரப்பாதீர்கள், ஒரு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் தண்டவாளத்தை எடுத்து வைக்க வேண்டுமா?

வேண்டாம், அது வெளியே கிடக்கத்தான் செய்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வண்டிகள், கட்டடங்கள், பாயிண்டின் ஸ்பிரிங் பகுதி ஆகியவற்றை மட்டும் உள்ளே எடுங்கள். மழை விட்டதும் ஓட்டும் முன் ஒரு காலிப் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு முழுச் சுற்று நடந்து பாருங்கள். நத்தை, மண்புழு, சரிந்த சிப்ஸ், பெருச்சாளி தோண்டிய குழி எல்லாம் அதில் தெரிந்துவிடும். எஞ்சினை அதற்குப் பிறகு இறக்கலாம்.